பிரேக் தெரியாத பாதங்கள்

என் வீட்டுக்காரருக்கு 'முடியவில்லை' என்று சொல்ல வாய் வராது. காய்ச்சல் அனலாகக் கொதிக்கும்போது, எப்படி இருக்கிறது என்று கேட்டால், "லேசா வெயில் பட்டுருச்சு" என்பார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அப்பா தமிழர், அம்மா பர்மியர். பர்மியில் 'ஹொக்கே' என்றால் 'ஆமாங்க, சரிங்க' என்று அர்த்தம். யாங்கோன் முழுக்கச் சொல்லும் சாதாரண வார்த்தைதான். இவர் சொன்னால் மட்டும் குதிகால்கள் ஒன்று சேரும் சத்தமும் கூடவே கேட்கும். பூஜைக்கு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னால்கூட விறைப்பாக ஒரு ஹொக்கே போடுவார். பிறகு பழத்தை மறந்துவிட்டு வருவார், அது வேறு கதை.

மாமியார் படுத்த படுக்கையானபோது, பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் முடியும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பெயர் மட்டும் ரிசர்வில் இருந்தது. கூப்பிட்டால் போக வேண்டும் என்பதை நாங்கள் இருவருமே ஏறக்குறைய மறந்துவிட்டோம். யாங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்கு அருகே வாடகை வீடு. தெருமுனையில் நான் பருப்பு வடை சுட்டு விற்றேன். அவர் எங்கள் பக்கத்துப் பெண்களை ஷ்வேப்யிதாவில் இருக்கும் தையல் ஃபாக்டரிக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டினார்; இங்கே அதை ஃபெர்ரி என்பார்கள். வண்டியில் ஏறிய நிமிஷத்திலேயே தூங்கிப்போகும் அந்தப் பெண்களுக்காக, பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் இடி விழுந்தது. ஒரு நாள் காலை, வேலையில் இருக்க வேண்டிய மனுஷர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"வெத்தலக் கடைத் தூண்ல இடிச்சுட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பிரேக் புடிக்கலையா?"

அவர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சேன்னுதான் நெனச்சேன். காலு பிரேக் மேலயே இல்ல. செருப்பு கழண்டதும் தெரியல, காலு நழுவுனதும் தெரியல."

சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிவிட்டது. கால் மரத்துப்போகிறது என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். வண்டிச் சாவியை முதலாளியிடம் அன்றே தானாகவே கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தபோது, திட்டியதற்கு வருத்தப்பட்டேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ரிசர்வ் ஆட்களுக்கு அழைப்பு வந்தது. லாரி டிரைவர்கள் வேண்டும் என்றார்கள். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் விவரம் சொன்னார். உடம்பு சரியாக இருந்தால் போய்ச் சேர வேண்டியதுதான். மருத்துவக் குழு பார்த்து, இனி பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று தீர்மானித்துவிட்டால், இதுவரை பார்த்த சர்வீஸுக்கே முன்கூட்டி ஓய்வு கொடுத்துப் பென்ஷனும் தருவார்களாம். நாங்களாகப் போகாமல் நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது, தொந்தரவுதான் மிச்சம்.

எனக்குப் பென்ஷனைவிட அந்த லாரியை நினைத்துத்தான் பயம். மலைப்பாதையில், பின்னால் ஆட்களை நிறுத்திக்கொண்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாத காலோடு இவர் இறங்கி வருவதை நினைத்தால் வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. இவரோ, "போய்த்தான் பாப்பமே" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்துத் தன்லியினிலிருந்து என் நாத்தனார், அவருடைய அக்கா, வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. ஆனால் எந்தக் கஷ்டம் வந்தாலும் அம்மனிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். தம்பிக்கு விடுதலை கிடைத்தால் தீ மிதிப்பான் என்று எங்களைக் கேட்காமலேயே நேர்ந்துகொண்டுவிட்டார். மருத்துவக் குழுவுக்கு முன்பாகவே திருவிழா வந்துவிட்டது. அடுத்த திருவிழா வரை அம்மனைக் காக்க வைக்கக் கூடாதாம்.

"காரியம் முடியட்டும் அண்ணி. அதுக்கு முன்னாடியே அம்மனுக்கு அட்வான்ஸா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு. ஆத்தாகிட்ட முந்திக்கிட்டாத்தான் நமக்கு மரியாதை. என்ன தம்பி, மிதிப்பீல்ல?"

"ஹொக்கே" என்றார் இவர்.

யோசித்துப் பாருங்கள். நடக்க முடியாதவர் என்று தீர்ப்பு வாங்குவதற்காகத் தீயில் நடக்கிற குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு அவர் குழி முன்னால் நின்றபோது எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். இவர் மட்டும் கடைத்தெருவுக்குப் போகிறவரைப் போல நிதானமாக நடந்தார். கூட்டம் குலவையிட்டது. பாதி வழியில் நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிடவும் செய்தார். "பாத்தியா, எந்தம்பிக்கு ஆத்தா தீயைப் பூ மாதிரி ஆக்கிட்டா" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

வீட்டுக்கு வந்து கால் கழுவ மஞ்சள் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தோல் உரிந்து, கொப்புளம் கட்டி, ஓரிடத்தில் சதையே தெரிந்தது. நான் துடைக்கத் துடைக்க அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எல்லாரும் என்ன சொன்னாங்க? நல்லா நடந்தேனாமா?" என்று கேட்டார். நான் காலைப் பிடித்திருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

புண்ணுக்கு மருந்து கட்டியபடியே மருத்துவக் குழுவின் நாளும் வந்தது. அன்று காலை சமையல்கட்டில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் டாக்டர். இங்கே வயசில் மூத்த ஆண்களை 'ஊலே', அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊலே, கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க!"

"அய்யோ, மரத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ கேட்டதும் வாய் தானா சொல்லிருது."

"பொய்யா சொல்லச் சொல்றேன்? உள்ளதைச் சொல்லுங்கன்னுதானே கெஞ்சுறேன்."

ஹொக்கே என்றார். நான் வடைக்குப் பருப்பு அரைக்கப் போய்விட்டேன்.

புறப்படும்போது பார்த்தால், தலைக்குச் சாயம் பூசி, சட்டையைக் கத்தி மடிப்பாக இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய லோஞ்சியைக் கட்டிக்கொண்டு பத்து வயசு குறைந்து நிற்கிறார். சீக்காளி போலப் போங்கள் என்று சொன்னால் கேட்பாரா? "ஆபீசருங்க முன்னாடி அழுக்காப் போவ முடியுமா?" என்றார். புண்ணுக்குக் கட்டுப்போடவும் கைபிடித்து அழைத்துப்போகவும் ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் கூடப் போனேன்.

முதல் அறையில் ஒரு மேஜை, அதன் பின்னால் நான்கைந்து பேர். இவர் நிமிர்ந்து நின்ற அழகைப் பார்த்தால் யாரும் நாளைக்கே லாரியில் ஏற்றிவிடுவார்கள். பார்வை, மூச்சு, முதுகு, எதைக் கேட்டாலும் ஹொக்கே. காலில் என்ன கட்டு என்று மேஜையின் நடுவே இருந்தவர் கேட்டார். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தீ மிதிச்சேங்க ஐயா. நின்னு கும்பிட்டுட்டு நடந்தேன்."

"தீயையே மிதிக்கிற ஆளுக்குப் பிரேக் மிதிக்கிறதா பெரிசு?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். கூடவே இவரும் சிரித்தார்.

என் உயிர் போய்விட்டது. அவருக்குக் காலில் உணர்ச்சியே இல்லை என்று நான் வாயெடுத்தேன். கேட்டதற்கு அவரே பதில் சொல்லட்டும் அம்மா, என்று ஒருவர் கையமர்த்தினார். மரியாதையாகத்தான் சொன்னார். சர்க்கரை இருப்பதால் பாதத்தை மட்டும் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று கடைசி அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர், எங்கள் ஃபெர்ரியில் ஏறும் பெண்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கன்னத்தில் பர்மியப் பெண்கள் சந்தனம்போல் அரைத்துப் பூசும் தனக்காப் பட்டையைப் பூசியிருந்தாள். இவரைப் படுக்க வைத்து, கட்டைப் பிரித்து, புண்ணைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிடியில் பொருத்திய மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"ஊலே, கண்ணை மூடிக்குங்க. இது காலில் படும்போதெல்லாம் சொல்லணும்."

"ஹொக்கே."

கட்டை விரலில் வைத்தாள். "ஹொக்கே" என்றார். பாதத்தின் நடுவில் வைத்தாள். "ஹொக்கே." குதிகாலில். "ஹொக்கே." ஒரே சீராக, தவறாமல் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்துப்போன காலை வைத்துக்கொண்டு எப்படி இந்த மனுஷர் புளுகுகிறார்? இருக்கிற ஒரே வழியையும் அடைத்துவிட்டாரே. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறந்து பயனில்லை என்று ஒரு அடி முன்னால் போனேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு இழையை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அதன் மேல் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஹொக்கே" என்றார் இவர்.

யாரும் அவரைத் தொடவில்லை.

"ஹொக்கே."

கண்களை இறுக மூடி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, படுத்த வாக்கிலேயே அட்டென்ஷனில் இருந்தார். சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. நடுவில் ஒரு தடவை மட்டும் தாமதித்தார். விட்டுவிட்டோமோ என்று பயந்தவர்போல, அவசரமாக இரண்டு தடவை சேர்த்துச் சொன்னார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்ணும் குனிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் எழுதினாள்.

"முடிஞ்சுதுங்க ஊலே. கண்ணைத் திறங்க" என்றாள்.

சில வாரங்கள் கழித்துத் தீர்மானம் வந்தது. பட்டாளத்துக்கு லாயக்கில்லை, முன்கூட்டி ஓய்வு, பென்ஷன் உண்டு. நாத்தனார் தன்லியினிலிருந்து பொங்கல் பானையோடு ஓடிவந்தார். அட்வான்ஸ் வீண்போகவில்லை என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தினமும் செய்வதுபோல் நான் அவர் பாதங்களைத் திருப்பிப் பார்த்து, புதிதாக முள்ளோ கல்லோ குத்தியிருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் புரியல" என்றார். "அந்தப் புள்ள கேட்டதுக்கு ஒண்ணு விடாம சரியாத்தானே சொன்னேன்? நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்."

"ஒண்ணாச்சும் தப்பாச் சொன்னேனா?"

என் உள்ளங்கை அவர் பாதத்தின் மேல்தான் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"இல்லைங்க" என்றேன். "அந்தப் பொண்ணு தொட்ட எடத்தையெல்லாம் சொன்னீங்க."