ரத்தம் வராத அடி

துருவும் டீசலும் கலந்த வாடை அடித்தாலே என் மேல் எனக்கே ஆத்திரம் பொங்குகிறது.

துறைமுகத்தில் நான் மேஸ்திரி. கன்டெய்னரைக் கட்டும் இரும்புக் கம்பி சரிந்து, என் கீழ் வேலை செய்யும் அந்தோணியின் ஹெல்மெட்டில் மோதியது. "ரத்தமே வரல, இன்னாத்துக்கு மாமு சீன் போட்ற?" என்றேன். 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுமே என்று பதிவேட்டில் எழுதவில்லை. ஆள் குறைவென்று அடுத்த ராத்திரி ஷிப்டிலும் அவனை வேலைக்கு நிறுத்தினேன்.

வாரங்கள் போயும் அவனுக்குத் தலைவலி, மறதி. அவனைக் கூட்டிப்போனதும் டாக்டர் சீறினார்: "தூங்கும்போதுதான் மூளை தன் கழிவை நல்லாக் கழுவித் தள்ளும். லேசான அடிகூட அந்த வடிகாலை மந்தமாக்கலாம். அடிபட்டவனைத் தூங்கவிடாம வேலை வாங்கினது யாரு?"

நான்தான். ஒரு பலகைக்காக. த்தூ!

அவனைப் பார்க்க எர்ணாவூரில் அவன் வீட்டுக்குப் போனேன்; அவன் மனைவி ஸ்டெல்லா வாசலை மறித்து நின்றாள். "இப்பத்தான் கண்ணசந்து கீறாரு. டூட்டின்னு சொல்லிகினு இனிமே வூட்டாண்ட வராதண்ணா."