மூடிக்கொள்ளும் கண்ணுக்குக் கிடைத்த மரியாதை

இமை துடிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எனக்கு மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இந்த மாதிரி முடிவுகளுக்கு எனக்குப் படிப்பு தேவைப்பட்டதேயில்லை. பக்கத்து வீட்டு அக்கா வலது கண்ணா, இடது கண்ணா என்று விசாரித்தாள். இரண்டும் என்றேன். இரண்டுக்கும் சேர்த்துச் சொல்ல அவளிடம் பலன் இல்லை. "டீயைக் கொறை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. தூக்கம் கெட்டோ, டீ அதிகமாகியோ, கவலையிலோ துடிக்கிற இமை கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடுமாம். என்னுடையது அடங்கவில்லை. துடிப்பு போய், இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தன. வெயிலில் போனால், லைட்டைப் பார்த்தால், நூல் கோர்க்க உட்கார்ந்தால். நான் ராஜபாளையத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். மெஷின் ஓடும்போது கண் மூடிக்கொண்டால், ஊசிக்கடியில் துணி இருக்கிறதா விரல் இருக்கிறதா என்று தெரியாது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிழைப்பு போச்சு என்று மெஷினைத் தினமும் மனதுக்குள் விற்றுக்கொண்டிருந்தேன்.

சபையில் மட்டும் கதை வேறு. எங்கள் ஆராதனையை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அதற்காகப் பெரிய பெரிய லைட்டுகள். அந்த வெளிச்சம் பட்டால் என் கண் இறுகும், புருவம் நெரியும், கண்ணோரம் தண்ணீர் வழியும். கேமராக்காரருக்கு வேறென்ன வேண்டும்? பிரசங்கம் முழுக்க என் முகத்தைப் பெரிதாகக் காட்டினார். பாளையங்கோட்டையிலிருந்து நாத்தனார் போன் செய்து, "ஒங்களைப் பாத்து நானும் அழுதுட்டேன் மதினி" என்றாள்.

பெண்கள் சங்கச் செயலாளர் அக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒனக்குள்ள இம்புட்டுப் பக்தி இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

"அக்கா, அது வியாதிக்கா. கண்ணு தானா மூடிக்கிடுது."

"பாத்தியளா, எம்புட்டுத் தாழ்மை!" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

அதன்பிறகு நான் மறுக்க மறுக்க என் பரிசுத்தம் கூடிக்கொண்டே போனது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். ஜெபிக்கச் சொல்லி வருகிறவர்கள் கூடினார்கள். வேலை கிடைக்காத மகன், குறையாத சர்க்கரை, சாகாத மாமியார். கண்ணை மூடும் சிரமம்கூட எனக்கு இல்லை.

கடைசியில் வீட்டுக்காரர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனார். பஸ்ஸில் ஒன்று கண்டுபிடித்தேன்: பேசினால் கண் திறக்கிறது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசினேன்.

"இதுதான் வைத்தியம்னா, கல்யாணமான நாள்லருந்து நீ பாத்துக்கிட்டுத்தான இருக்கே" என்றார் அவர்.

டாக்டரம்மா சின்ன வயசு.

"கட்டிதானே டாக்டர்?"

"இல்லம்மா."

"பக்கவாதம்?"

"அதுவும் இல்ல. உங்க பார்வை நல்லாருக்கு. இமையை மூடுற தசைக்கு மூளையில இருந்து போற உத்தரவுதான் தப்பாப் போகுது. நிறையப் பேருக்கு ஏன்னு காரணமே தெரியாது. பேசினா, பாடினா, புருவத்தைத் தொட்டா கொஞ்ச நேரம் விடும். கவலைப்பட்டா கூடும்."

கவலைப்படக் கூடாது என்றதும் எனக்கு அது ஒரு கவலை.

மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காதாம். கண்ணைச் சுற்றி ஊசி போட்டுத் தசையைத் தளர்த்த வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். "நடிகைமாரு சுருக்கம் போகப் போடுவாகளே, அதுவா?" என்று வீட்டுக்காரர் ஆர்வமாகக் கேட்டார். அதேதான் என்றார் டாக்டர். கெட்டுப்போன சாப்பாட்டில் வளரும் கிருமியின் விஷத்தைத் துளியிலும் துளியாக எடுத்துச் செய்த மருந்து என்றார். விஷம் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

விஷயம் தெரிந்து செயலாளர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆண்டவர் குடுத்ததைப் போயி ஊசி போட்டு நிப்பாட்டுவாகளாட்டி?"

தனக்கு இருமல் வந்தால் மதுரைக்குக் கார் பிடிக்கிறவர் அவர்.

"அக்கா, ஒங்க மக பட்டு ஜாக்கெட்டு என்கிட்டதான் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டே வெட்டட்டுமா?"

அவர் செத்த நேரம் யோசித்தார். "அதைக் குடுத்துரு. வேற எடத்துல தச்சிக்கிடுதேன்" என்றார்.

துணிப்பையை வாங்கி இடுக்கிக்கொண்டு அவர் போன வேகத்தைப் பார்த்ததும் விஷத்தின் மேல் இருந்த பயம் போய்விட்டது. அன்று சாயங்காலமே போன் போட்டு ஊசிக்கு நாள் கேட்டேன்.

எறும்பு கடித்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள். ஒரு வாரத்தில் கண் திறந்தது. ஒரு இமை மட்டும் கொஞ்சம் தொங்கி, பிறகு சரியானது. அதற்குள் நான் பலமுறை செத்துப் பிழைத்தேன். ஆனால் நூல் ஒரே குத்தில் ஊசிக்குள் போனது.

அந்த ஞாயிறு பிரசங்கம் முழுவதையும் கண் திறந்தே கேட்டேன். சபையில் பாதிப் பேர் தூங்கினார்கள். செயலாளர் அக்கா போனில் நைட்டி பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா என்னைத் தாண்டிப் போனது. நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. ஜெபத்துக்கு வந்தவர்கள் நின்றார்கள், தைக்க வருகிறவர்கள் மெல்லத் திரும்பினார்கள்.

மாதங்கள் போய் மருந்து தேய்ந்ததும், ஆராதனையில் கண் மறுபடி இறுகியது. செயலாளர் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"பாத்தியா, ஆண்டவர் திரும்பவும் ஒன்மேல எறங்கிட்டாரு!"

"இல்லக்கா, ஊசியோட வேகந்தான் எறங்கிப் போச்சு. நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் போயி போட்டுட்டு வாரேன்."

பிடித்ததைவிட வேகமாகக் கையை விட்டார். வீட்டில் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்க வேண்டியிருந்தது. இந்த முறையும் இமை தொங்கிவிடுமோ என்ற கவலையோடு நடையைக் கட்டினேன்.