அம்மா பார்க்காமல் விட்ட கடைசிப் பகுதி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கொலை நடக்கும். சோறு தின்று, பாத்திரம் கழுவி, அம்மா தன் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்ததும் நான் ரிமோட்டை எடுப்பேன். அம்மா அதைத் தொடமாட்டாள். "எனக்கு அது ஒத்துவராது லா" என்பாள்.

இங்கிலாந்தில் ஹல் என்றொரு துறைமுக நகரம். அங்கே நடக்கும் போலீஸ் தொடர். வயிற்றுக் கோளாறோடு அலையும் ஒரு குண்டு இன்ஸ்பெக்டர், சிரிக்கவே தெரியாத ஒல்லியான பெண் சார்ஜன்ட். வாரம் ஒரு பிணம். ஒன்று மீன் கிடங்கின் ஐஸுக்குள் கிடந்தது. இன்னொன்று கல்யாண மேடைக்கு அடியில் கிடந்தது, மேலே மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பன் தின்பார். "எழவெடுத்தவன், கையக்கூட கழுவல பாரு" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே சிரிப்பாள். நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த பிணங்கள் அவை.

அங்கே எந்நேரமும் மழை. மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங், அதனால் அந்த ஊருக்கு அம்மா வைத்த பெயர் வெள்ளைக்காரத் தைப்பிங்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. லகாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, தோட்டத்தை மூடியதும் கையுறை ஆலைக்குப் போனவள். திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தை அவள் ஒரு வரி கூட்டிப் படிப்பதற்குள் மூன்று வரி ஓடிப் போயிருக்கும். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். பல்மருத்துவர் கிளினிக்கில் நாள் முழுக்க மூன்று மொழியில் பேசுகிறவளுக்கு இது ஒரு வேலையா? ஆனால் பாதி நேரம் அம்மா நான் சொல்வதைக் கேட்பதே இல்லை. முகத்தைத்தான் பார்ப்பாள். தோட்டத்தில் விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது, யார் நேற்று பொய் சொல்லி லீவு போட்டவன் என்று பேர் எழுதும் கிராணிக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடுமாம்.

கடைசியாக நாங்கள் பார்த்த கதைக்கு ஆறு பகுதிகள். ஆறும் டிவி பெட்டியில் பதிவாகியிருந்தன. வாரம் ஒன்றுதான், ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கொலைகாரன் யார் என்று பந்தயமும் உண்டு. தோற்றவர் ஒரு மாதம் மீன் கழுவ வேண்டும். என் சந்தேகம் மீன் கிடங்கு முதலாளி மேல். அம்மா முதல் வாரமே பாதிரியாரைப் பிடித்துக்கொண்டாள். "எழவு வீட்டுக்கு மொத ஆளா வந்து அழுவுறான் பாரு, அவன்தான்." அம்மா ஒரு ஆளைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்புப் பிடி.

ஐந்து பகுதி முடிந்திருந்தது. ஆறாவது ஞாயிறு அண்ணன் வீட்டில் விருந்து, திங்கட்கிழமை அம்மாவுக்கு இருதய ஆபரேஷனுக்கு அட்மிஷன். விருந்து முடிந்து வந்து பார்த்திருக்கலாம். நான்தான் புதன்கிழமையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பாத்துக்கலாம்மா." ஒரு மிச்சம் வைத்தால் அதற்காகவாவது திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி லா" என்றாள்.

திங்கட்கிழமை காலை காரில் போகும்போது, சிம்பாங் பூலாய் சிக்னலில் நிற்கையில், திடீரென்று சொன்னாள்: "பாதிரி இல்ல. அந்த ரொட்டிக்கடைக்காரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் வந்து போலீஸ்காரர்களுக்கு ஓசியில் பன் கொடுத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

"அவ ஒரு வார்த்த பேசலயேம்மா."

"ஓசியில சோறு போடுறவள நம்பாத" என்றாள். பிறகு சுண்ணாம்பு மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாவம், பயத்தில் மனம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு, கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்றார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஐந்து வாரமாக ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை முடிவு தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்பதுதான் குடைந்தது. இதை யாரிடம் சொல்லி அழுவது? ஒரு மணி நேரம்தான் கேட்டிருப்பாள். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து சாயங்காலம் படையல். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் வைத்தோம். கெம்போங் மீன் பொரியல், கோழிக் குழம்பு, சீனி கம்மியாகக் காப்பி. அப்போது அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, அந்தக் கடைசிப் பகுதியையும் போடணும்."

"படையல்ல கொலையா? ஒனக்குப் பைத்தியமா?"

"அப்பா படையல்ல நீ பீர் வச்ச. சிகரெட்ட பத்த வச்சே வச்ச."

அண்ணன் கற்பூரம் காட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ரிமோட்டை வாங்கினார். "என்னாது இது, முடிஞ்சுபோன எடத்துல நிக்குது" என்று எரிச்சலோடு முதலுக்கு இழுத்துவிட்டார். குழம்புக் கரண்டியோடு நின்ற நான் லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், போனவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. எங்கள் வீட்டில் அது வழக்கமாகப் பத்து நிமிஷம். அன்று ஒரு மணி நேரம். வாசல் கூடாரத்தில் முப்பது பேர் பசியோடு நின்றார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஹல் நகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. "அவ சாப்புட இவ்ளோ நேரமா?" என்று தைப்பிங்கிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, மூன்று முறை கேட்டுவிட்டார். எட்டிப் பார்த்தால் தோஷம் என்று சொன்னவரும் அவர்தான்.

இருபது நிமிஷத்தில் அண்ணனைக் காணவில்லை. பார்த்தால், ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். பெரியம்மாவுக்கு யாரோ நாற்காலி போட்டிருந்தார்கள்.

"மீன் மொதலாளி செத்துட்டான்" என்று அண்ணன் உரக்க அறிவித்தார். என் பந்தயம் அங்கேயே போய்விட்டது. "பாதிரிய வெளிய விட்டுட்டாங்க." பிறகு கண்ணாடியை இன்னும் ஒட்டி நின்றார். "ஆயோ, அந்த ரொட்டிக்கடைக்காரி லா."

நான் வாய் தவறி, அம்மா காரில் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா எழுந்து கதவைப் பார்த்துக் கும்பிட்டார். "போறதுக்கு முன்னால அவளுக்குக் கண்ணு தெறந்துருக்கு. எங்க ஆத்தாளுக்கும் இப்படித்தான்" என்றார். மற்றவர்களும் கும்பிட்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தார். ஆறிப்போன கோழியை எல்லோரும் பிரசாதம் மாதிரி சாப்பிட்டார்கள்.

எல்லோரும் கிளம்பி, இலைகளை எடுக்கும்போதுதான் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. முடிந்துபோன இடத்தில் நிற்கிறது. ரிமோட்டை எடுத்து, பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். கடைசிப் பகுதிக்கு இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்று அன்றைய தேதி. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. நான் கிளினிக்கில் இருந்த நேரம்.

இலையைக் கீழே வைத்துவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரிமோட் ஒத்துவராதவள். மலாய் எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவள். எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளோ. நான் வைத்த மிச்சத்தை அவள் துளியும் நம்பவில்லை. திரும்பி வராமலும் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் அழுவேன் என்றும் தெரிந்திருக்கிறது. அதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் பந்தயத்தையும் ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. முடிவு தெரிந்துதான் போனாள்.

பெரியம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. தைப்பிங்கில் அம்மா இப்போது பாதி தெய்வம், அதைக் கெடுப்பானேன். அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய் ஒரு கிலோ கெம்போங் வாங்கி வந்தேன். குடலை உருவும்போது, "திருட்டுக் கெழவி" என்று அவள் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். இன்னும் மூன்று வாரம் கழுவ வேண்டும்.