நெல்லுக்கா, அண்ணிக்கா

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. விடிவதற்குள் எழுந்து வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு வந்தேன். குறுவை தூர் கட்டும் பருவம். பால் காய்ச்சி, காபியை ஆற்றி மனைவிக்குக் கொடுத்தேன். வெந்நீரில் துண்டை நனைத்து அவள் முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். நோய் முதுகெலும்புக்குப் பரவியதிலிருந்து அவளால் உட்கார முடியாது. துணிகளை அலசிக் காயப்போட்டேன். மதியத்துக்கு மேல் கொழுந்தியாளைத் துணைக்கு வைத்துவிட்டு, வண்டிக்கு ஷாஃப்ட் பார்க்கப் பட்டறைக்குப் போனேன்.

எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட். எங்கள் பக்கத்தில் வயலுக்குள் இறங்கும் பிக்கப்பைப் பின்னால் தூக்கித்தான் வைத்திருப்போம். அறுவடைச் சேற்றில் அடி தட்டக்கூடாது என்று நானும் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் போட்டு உயர்த்தியிருந்தேன். மூட்டை ஏற்றினால் வண்டி அமுங்கிச் சமமாகிவிடும். வெறும் வண்டியாக ஓட்டினால் ஷாஃப்ட் சாய்வாக நின்று உதறும். நெல் வண்டிதானே என்று அதை நான் பொருட்படுத்தியதில்லை.

சென்ற ஆண்டு அதே வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்புக் கட்டிலை போல்ட் போட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய்க் கூண்டு கட்டினேன். அவளைப் படுத்தபடியே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றுவிட்டாள். தெருவே வந்து எட்டிப் பார்க்குமாம். ஆனால் அவள் எடைக்கு வண்டி அமுங்கவில்லை. உதறல் நேராக அவள் முதுகில் இறங்கியது. துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு வருவாள். கட்டிலின் இரண்டு பக்கமும் நெல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தேன்.

"வியாபாரிகிட்ட என்னையும் சேத்து எடை போட்டுடாதீங்க" என்றாள்.

உதறல் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை.

பட்டறையில் மெக்கானிக் இரண்டு ஷாஃப்டுகளைச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார். ஒன்று பருமனான ஒரே குழாய். மற்றது இரண்டு துண்டு, நடுவில் ஒரு பேரிங்.

"இது ஒத்தை பைப்புண்ணே. எவ்வளவு லோடு ஏத்திச் சேத்துல மிதிச்சாலும் முறுக்காது. ஆனா காலி வண்டியில உதறல் இருக்கும். இந்த ரெண்டு துண்டு இருக்கு பாருங்க, உக்காந்திருக்கிறதே தெரியாம ஓடும். வயல்ல மட்டும் இறக்கிடக் கூடாது. சேத்துத் தண்ணி புகுந்தா பேரிங் ஒரு அறுப்பு தாங்காது." என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நெல்லுக்கா, அண்ணிக்கா?"

"அண்ணிக்குத்தான். ஐப்பசியில எனக்கு அறுபது. திருக்கடையூர் போகணும்."

"அட, மாப்பிள்ளை வண்டின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார். "இருந்தாலும் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் காலையில போன் பண்ணுங்க. மாட்டிட்டா திருப்ப முடியாது."

போன வாரம் டாக்டர் என்னை மட்டும் வராண்டாவுக்கு அழைத்து, இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவளிடம், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்றேன். உதறாத வண்டி ஒன்று வந்துவிட்டால் டாக்டர் சொன்னது இல்லாமல் போய்விடும் என்பதுபோல, அந்த வாரம் முழுவதும் ஷாஃப்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது இரண்டைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பேரிங் வண்டி வயல்ல இறங்காதா?"

"இறக்கினா கெட்டுடும். அறுப்புக்கு வேற வண்டி வாடகைக்குப் பிடிச்சுக்கலாம்."

"எதுக்கு? ஒத்தை பைப்பையே போடுங்க."

"திருக்கடையூருக்கு?"

"படுத்துக்கிட்டேவா தாலி கட்டிக்கிறது? ஐயருக்கு மந்திரம் மறந்துடும்."

"தலைகாணி வச்சு, சாய்ச்சு உக்கார வைக்கலாம்னு…"

"அறுப்பு எப்போங்க?"

"புரட்டாசிக் கடைசி."

"ஐப்பசி அதுக்கும் அப்புறந்தானே" என்றாள். நான் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தேன். "அன்னைக்கு வராண்டாவிலேருந்து வந்ததும் எனக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தீங்க. நான் கேக்காம நீங்க எனக்கு எப்ப என்ன வாங்கிக் கொடுத்திருக்கீங்க?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வளையல் முழங்கைவரை சரிந்தது.

"கஞ்சி ஆறுது பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை மடைக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போனும் செய்யவில்லை. முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்றினேன். கடைசி போல்ட் துருவேறிக் கிறீச்சிட்டது. உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அதை எங்கேயும் தூக்கிப் போட்டுடாதீங்க. கொண்டாந்து எனக்குப் பக்கத்துல போடுங்க. எத்தனை நாள்தான் தரையில படுப்பீங்க?"

கட்டிலை இழுத்து வந்து, அவள் கட்டிலை ஒட்டிப் போட்டேன்.