மாஸ்டரின் வலது கால்

முடிதிருத்தும் கடை நாற்காலியில், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் மாஸ்டரின் வலது கால் சும்மா இருப்பதில்லை. எதிர்க் கண்ணாடியில் தெரு தெரிகிறது. யாரோ ஒரு புண்ணியவான் சந்திலிருந்து ஸ்கூட்டரை விருட்டென்று எடுக்கிறான். இங்கே நாற்காலியின் கால்மிதியில் தொம்மென்று ஒரு மிதி விழுகிறது. முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் துள்ளுகிறார்.

"மாஸ்டர், காது போயிடும்!"

"என் காது போனாப் போகட்டும்ப்பா. அவன் தப்பிச்சான் பாரு."

அந்த ஸ்கூட்டர்காரன் தப்பித்தது தன்னால்தான் என்று மாஸ்டர் மனதார நம்புகிறார். அடுத்த ஆளாகக் காத்திருந்த நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். எங்கள் பேட்டையில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவரிடம் திட்டு வாங்கிய கைகள்தான். அவருடைய சின்ன வெள்ளைக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில். ஆயுசில் பெரும்பகுதி அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே கழிந்துவிட்டதால், உலகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கீழே ஒரு பிரேக் இருப்பதாக அந்தக் கால் நினைத்துக்கொள்கிறது. சினிமா தியேட்டரில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைப்பார்கள். அவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் அப்பளமாகத் தேய்ந்திருக்கும், இடது ஷூ நேற்று வாங்கியதுபோல் மினுமினுக்கும். "ஒத்தை ஷூ விக்கிறதில்ல மாஸ்டர்" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

இன்னொரு விசேஷம். தனியாக வெளியே கிளம்பினாலும் பழக்க தோஷத்தில் மாஸ்டர் பக்கத்து சீட்டில்தான் போய் ஏறுவார். ஏறி, பெல்ட்டைப் போட்டு, "ம்... எடுங்க" என்பார். வண்டி நகராது. பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுகிற சீட்டில் உட்காருவார். நான் எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். சொன்னால் மனுஷன் சங்கடப்படுவார் என்று சொன்னதில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு புத்தி வந்து நானும் அவரிடம் ஓட்டக் கற்கிறேன். மாஸ்டர் சத்தம் போடவே மாட்டார். "யாரும் உங்களத் தொரத்தல சார், மெதுவா" என்பார். "அது ஸ்டியரிங் சார், உங்க மேனேஜர் கழுத்து இல்ல" என்பார். நாம் யாரையாவது பரலோகம் அனுப்பப் பார்த்தால், பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிட்டு, "அருமை" என்பார். அதுதான் அவர் அகராதியில் உச்சபட்ச வசவு. சரியாக ஓட்டினால் ஒன்றும் சொல்லமாட்டார். நான் இதுவரை அந்த மௌனத்தைச் சம்பாதிக்கவில்லை. அருமை, அருமை என்று நிறைய வாங்கியிருக்கிறேன்.

ஊருக்கே கற்றுத்தந்தவர் வீட்டில் கற்றுத்தராத ஆள் ஒன்று உண்டு. அவர் மனைவி. நாங்கள் அக்கா என்போம். பேக்கரியில் கேக் மேல் பூவும் பெயரும் போடுவது அக்காவின் வேலை. பிறந்தநாள் பிள்ளையின் பெயர் எத்தனை நீளமானாலும், கேக் எத்தனை சின்னதானாலும், கடைசி எழுத்து ஓரத்தில் நசுங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கைக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அதுவும் வீட்டுக்காரரிடமே கற்றுக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு ஆசை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் நடந்திருக்கிறது. அக்கா வண்டியை எடுக்க, மாஸ்டர் பிரேக்கைப் போட, அக்கா மறுபடி எடுக்க, மாஸ்டர் மறுபடி போட, கார் தெரு முனைக்குள் விக்கல் எடுத்தே செத்துவிட்டது. அக்கா கதவைத் திறந்து இறங்கி, புடவை முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். "உங்க காலோட நான் குடும்பம் நடத்துறேன், அதுபோதும். வண்டி வேற நடத்த முடியாது" என்பது அன்றைய தீர்ப்பு. பழகுநர் உரிமத்தை மட்டும் காலாவதியாக ஆக, அக்கா சத்தமில்லாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அதை மாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

இப்படியிருக்கையில்தான் வேலைக்குப் போய்விட்ட மகள் இவர்கள் இருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தாள். எங்கே போகலாம் என்று கேட்டபோது வீடு இரண்டுபட்டது. ராஜா ராணி வருகிற கொரியத் தொடர் ஒன்று விடாமல் பார்க்கிற அக்காவுக்குக் கொரியா. ரயிலும் ரோடும் ஒழுங்காக ஓடுகிற இடம் என்று கேள்விப்பட்ட மாஸ்டருக்கு ஜப்பான். கடைசியில் இரண்டு நாட்டிலும் பழைய தலைநகரங்களை மட்டும் பார்ப்பது என்று ராசியானார்கள். அரண்மனையும் கோயிலும் அக்கா கணக்கு, போகிற வழியெல்லாம் மாஸ்டர் கணக்கு.

திரும்பி வந்ததும் படம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு அக்கா டிவியில் படங்களை ஓடவிட்டார்.

"பாருங்க தம்பி, ஆயிரம் வருஷத்துக் கோயில். எதிர்ல நின்னுக்கிட்டு இவரு எதப் படம் புடிச்சிருக்காரு?"

டிவியில் ஒரு பஸ் டிரைவரின் வெள்ளைக் கையுறை திரை நிறையத் தெரிந்தது. அடுத்த படத்திலும் கையுறை, வேறு டிரைவர். அதற்கடுத்தது வெறும் சாலைக்கோடு.

"கோயில் எங்கயும் போகாது. பஸ் போயிடும்ல?" என்றார் மாஸ்டர்.

ஜப்பானில் மூங்கில் காட்டுக்குள் ஆள் இழுக்கிற ரிக்‌ஷாவில் ஏறியிருக்கிறார்கள். இழுத்தவர் வாட்டசாட்டமான இளைஞர், நல்ல ஓட்டக்காரர். முதல் திருப்பத்திலேயே மாஸ்டரின் கால் பலகையில் தொம். இளைஞர் பதறி நின்று, திரும்பி, குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று பார்த்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று கையசைத்ததும் மறுபடி ஓட்டம். மறுபடி தொம். மறுபடி கும்பிடு.

"சார், நம்ம வண்டிக்கு வெளியில, வாழ்க்கையில மொதல் தடவையா, மிதிச்சா நிக்குது!" மாஸ்டருக்குச் சொல்லும்போதே முகமெல்லாம் பல்.

"அந்தப் புள்ளைக்கு இடுப்பு போச்சு. நான் இறங்கிக் கூடவே நடந்து வந்தேன்" என்றார் அக்கா.

அதிவேக ரயில் கதை இன்னும் மேல். ஏறியதிலிருந்து கால் தரையிலேயே ஊன்றியிருக்கிறது. வேகம் கூடக் கூட மாஸ்டருக்கு வேர்த்திருக்கிறது. பொறுக்க முடியாமல் ஒரே அழுத்து அழுத்தியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் வந்திருக்கிறது. "நான் புடிச்சேன், நின்னுச்சு" என்று பக்கத்து சீட்டு ஜப்பானியரிடம் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அவரும் தலையாட்டியிருக்கிறார்.

கொரியாவில் எல்லாம் தலைகீழ். வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, டிரைவர் இடப்பக்கம் இருக்கிறார். மாஸ்டர் பழக்கப்படி டாக்ஸியின் இடது முன்கதவைத் திறந்து ஏறியிருக்கிறார். ஏறி உட்கார்ந்தது டிரைவரின் மடி. "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் 'அய்யய்யோ'ன்னு பார்த்தாங்க பாருங்க, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புடிச்சுக்கிச்சு" என்று அக்கா அதை இப்போதும் சிரித்து முடிக்க முடியாமல் சொன்னார். பிஸ்கட் எனக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் ராஜாக்களின் கல்லறை பார்க்கப் போயிருக்கிறார்கள். கல்லறை என்றால் கல் இல்லை. புல் போர்த்திய பெரிய பெரிய பச்சை மேடுகள், ஊருக்கு நடுவே குவித்து வைத்ததுபோல். அதைச் சுற்றிப் பார்க்க வாடகை சைக்கிள். இவர்களுக்குக் கிடைத்தது முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள். கடைக்காரம்மா அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

மாஸ்டர் யோசிக்கவேயில்லை. ஓட்டுகிற இடத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் ஏறியே பழகின உடம்பு. நேராகப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கட்டின பெண்டாட்டியைப் பார்த்து, பாடம் படிக்க வந்தவரிடம் சொல்வதுபோல், "ம்... எடுங்க" என்றாராம்.

"கல்யாணமான நாள்லேருந்து 'வா, போ'தான் தம்பி. அன்னைக்கித்தான் மொத 'எடுங்க'. விடுவேனா?" என்றார் அக்கா.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவர் அக்கா. முன்சீட்டில் தாவி ஏறி எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் மாஸ்டருக்கு விஷயம் உறைத்திருக்கிறது. பின் கைப்பிடியில் பிரேக் இல்லை. கைப்பிடி திருப்பினாலும் திரும்பாது. மணிகூட இல்லை. அதற்குள் ஒரு சரிவு வந்துவிட்டது.

"பிரேக் எங்கடீ? பிரேக் எங்க?"

"எங்கிட்ட இருக்கு!"

"போடு!"

"எதுக்கு? ரோடு சும்மாதான இருக்கு!"

சைக்கிள் பச்சை மேடுகளுக்கு நடுவே பறந்திருக்கிறது. அக்காவின் முந்தானை மாஸ்டர் முகத்தில் சுற்றிக்கொண்டது. முன்னால் அக்கா ஊளையிட்டுக்கொண்டு, பின்னால் மாஸ்டர் "அருமை! அருமை!" என்று உயிர் போகக் கத்திக்கொண்டு. எதிரே வந்த சுற்றுலாக்காரர்கள், ஆகா, இந்த வயதிலும் எத்தனை சந்தோஷமான ஜோடி என்று கைதட்டினார்களாம். ஒருவர் படம்கூட எடுத்து அனுப்பியிருக்கிறார். அக்கா அதை டிவியில் நிறுத்திக் காட்டினார். மாஸ்டரின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருக்கின்றன. வலது கால் மிதியை விட்டு விலகி, அந்தரத்தில் ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. அக்காவின் முகத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை.

சரிவின் அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அக்கா அலட்டிக்கொள்ளாமல், கேக்கில் புள்ளி வைக்கிற மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இந்த இடத்தில் அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஊழல் விவகாரம் சொல்வதுபோல் சொன்னார்.

"சார்... நான் புடிக்கல. ஆனா நின்னுச்சு."



போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் முறை முடிந்து நான் பின்சீட்டுக்கு மாறியிருந்தேன். அடுத்த ஆள் யார் என்று பார்த்தால், பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அக்கா வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறினார். கண்ணாடியைத் திருத்தினார். பெல்ட் போட்டார்.

"கால் வச்சீங்கன்னா அங்கயே இறங்கி நடந்துடுவேன். மறுபடி ஏறமாட்டேன். ஆமா."

"வைக்கமாட்டேன்" என்றார் மாஸ்டர்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தேன். வலது கால் பிரேக்குக்கு மேலே தொடாமல் நின்றது. முதல் திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது திருப்பத்தில் பிரேக்கைத் தொட்டேவிட்டது. போச்சு, இத்தனை வருஷத்து ஆசை மறுபடியும் தெருமுனையில் நடந்துபோகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் சட்டென்று குனிந்தார். ஷூக்களைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் வைத்து, பந்தியில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டுக்கொண்டார். அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு.

ஆஸ்பத்திரி இறக்கத்தில் கார் இறங்கியது. கீழே, மரக்கடை வாசலிலிருந்து ஒரு லாரி, பின்னால் யார் வருகிறார்கள் என்ற கவலையே இல்லாமல் பின்பக்கமாக ரோட்டுக்குள் வந்தது. ஒரு மிதிச் சத்தம் கேட்டது. அது நான். பின்சீட்டின் தரையை என் கால் ஓங்கி மிதித்திருந்தது.

அக்கா மிதித்த சத்தமே கேட்கவில்லை. கார் வேகம் குறைந்து, குறைந்து, லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி நின்றது. நான் "அருமை" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. லாரி திரும்பி ஒழிகிற வரைக்கும் காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"எடுக்கவா?" என்றார் அக்கா.

"ம்... எடுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் சம்மணம் கலையாமல் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த வலது காலின் கட்டை விரல் மட்டும் காற்றை அழுத்திக்கொண்டு வளைந்து நின்றது. அதை அவர் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.