வேலைக்கு வைத்த பூச்சிகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை இப்போது சொல்லும்போதும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டுதான் சொல்வேன். ஆறாம் வகுப்பில் இன்னும் அதிகமாக நிமிர்ந்திருந்தேன். காரைக்காலில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர். அதில் கிளிஞ்சல்மேடு என்ற எங்கள் மீனவக் குப்பத்துப் பிள்ளை நான் ஒருத்திதான்.

நான் செய்தது கண்ணாடிக்குள் ஒரு தோட்டம். பெட்டிக்கடையில் மிட்டாய் போடும் பெரிய ஜாடியைக் கெஞ்சி வாங்கினேன். எங்கள் ஊரில் மண் என்றால் மணல்தான். அதனால் குரும்பகரத்திலிருந்து வரும் தோழி வரப்பு மண்ணைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பாசி, வல்லாரை, கிணற்றுச் சுவரில் முளைத்த பெரணி எல்லாம் நட்டு, தண்ணீர் தெளித்து மூடினேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மண்ணில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. ரவையில் பாதிகூட இராது. தட்டினால் துள்ளியது. ஒன்றல்ல, நூறு இருக்கும்.

எங்களோடு இருந்த அத்தை பார்த்துவிட்டாள். அவள் கருவாட்டு வியாபாரி. கருவாட்டில் புழு வைத்தால் அவளிடம் ஒரே மருந்துதான். பானையிலிருந்து ஒரு பிடி உப்போடு வந்து நின்றாள்.

“நவுருடி. இதப் போட்டா எல்லாம் சுருண்டுடும்.”

“செடியும் சுருண்டுடும் அத்தை!”

ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். செடி வாடினால் எனக்குப் பதிலாகப் போக இன்னொருத்தியின் பெயர் தயாராக இருந்தது.

“அது செடியத் திங்கல அத்தை. அழுகுன எலையில இருந்த பூஞ்சணத்தத்தான் தின்னுச்சு. காலையில நான் பாத்தேன்.”

“ஆமா, ஒனக்குக் கூட்டிப் பெருக்க வந்துருக்கு! படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்குங்க.”

பூஞ்சணம் பிடித்த இட்லித் துண்டு ஒன்றை அவள் கண்ணெதிரே உள்ளே போட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள்.

“மூணு நாளு. அப்புறம் என் கை சும்மா இருக்காது” என்று உப்பைப் பானையில் திரும்பக் கொட்டினாள்.

மூன்று நாளும் சந்தையிலிருந்து வந்ததும், கூடையை இறக்குமுன் ஜாடியைத்தான் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் இட்லியில் பூஞ்சணம் இல்லை. பெரணி புதுச் சுருள் விட்டிருந்தது. அத்தை “ம்க்கும்” என்றாள்.

கண்காட்சியில் கண்ணாடித் தோட்டம் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூன்றிலும் பஞ்சு அடைத்தது போலப் பூஞ்சணம். பரிசு கொடுக்க வந்திருந்த சார் என் ஜாடியில் பூதக்கண்ணாடியை வைத்தார்.

“உள்ள பூச்சி இருக்கேம்மா?”

“இருக்கு சார். வேலைக்கு வச்சிருக்கேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. இட்லிக் கதையை முழுக்கச் சொல்ல வைத்தார். முதல் பரிசு எனக்கு.

அன்று சாயங்காலமே அத்தை கரையெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: “நான் மட்டும் அன்னைக்கு உப்பப் போட்டுருந்தா பரிசு ஏது?”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கண்டுபிடித்தது நான், பெயர் வாங்குவது இவளா?

புழுவுக்கு உப்பு என்பது எங்கள் வீட்டுக்கே சோறு போட்ட அறிவு. ஒரு சின்னப் பெண் ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னதற்காக அத்தை அதை மூன்று நாள் நிறுத்தி வைத்தாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில், சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று, எழுத்தெழுத்தாக விரல் வைத்து, அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.