இரண்டுமே பட்டன்

1. வேலூரில் ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்தோம்.
2. சோதிக்க வந்தவர் பார்வையற்றவர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர்.
3. தன் மனைவியின் இதய ஆபரேஷனுக்குக் கிடைத்த தேதி இருந்த பக்கத்தையே அவர் திறந்தார்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவார். திரையில் 'உறுதி செய்', 'ரத்து செய்' என இரண்டு பட்டன்கள் இருந்தன. திரையைப் படிக்கும் குரல் இரண்டையும் வெறும் "பட்டன்" என்றது. நான் உதவக்கூடாது என்பது சோதனை விதி. அவர் 'ரத்து செய்' பட்டனில் வந்து நின்று, என்டரில் விரல் வைத்தார்.

"ஐயோ, வேணாம் சார்! அது ரத்து!"

விரலை மடக்கிக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை.

"இங்க நீங்க கத்துனீங்க மேடம். வூட்ல தனியா அழுத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

இதை எழுதி மருத்துவமனைக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன். குரல் இன்னும் இரண்டையும் "பட்டன்" என்றுதான் சொல்கிறது.